பகல் விளக்கைக் கண்டு வெட்கப்பட்டவர்

அவர் யாரையும் ஏசியதில்லை. ஏசியிருந்தால் எங்களுக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும். ஏசுகிற மனிதனைத் திருப்பி ஏசலாம். இல்லாவிட்டால் கேட்காத மாதிரி இருந்து வியாபாரத்தைப் பார்க்கலாம். வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிற மனிதனை என்ன செய்வது?

கல்முனைக் கடைத்தெருவில் வெயில் ஏறிய நேரத்தில், குளிர்பானம் விற்கிற கூல் பாருக்குள் ஒரு பல்பு சும்மா எரிந்துகொண்டிருக்கும். அவர் வருவார். வெள்ளைச் சாரம், அரைக்கைச் சேட்டு, தோளில் ஒரு துண்டு. கடைக்குள் ஏற மாட்டார். வாசலுக்கு நேரே நின்று, தோள்துண்டை எடுத்து இரண்டு கைகளாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துவிடுவார். உடுப்பு அவிழ்ந்து நிற்கிற ஒருவரைத் தற்செயலாகக் கண்டுவிட்டால் நல்ல மனிதர் எப்படி நிற்பாரோ, அப்படி நிற்பார்.

தெருவில் போகிறவர்கள் நின்று விசாரிப்பார்கள்.

"என்ன காக்கா, ஆரும் மௌத்தா?"

பக்கத்துத் தையல்கடைக்காரர் மெஷினை நிற்பாட்டாமலே பதில் சொல்வார்.

"மௌத்தாகல்ல. உசிரோட எரியிது. அதுக்குத்தான் நிக்காரு."

கூல் பார்க்காரர் ஓடிப்போய் சுவிச்சைத் தட்டிப் பல்பை அணைப்பார். "நூத்துட்டன் விதானையார், நூத்துட்டன்! துண்டத் தோள்ல போடுங்க. யாவாரம் நடக்கிற இடத்தில கபுறடியில நிக்கிற மாதிரி நிக்காதீங்க."

உடனே முகம் மலரும். துண்டைத் தோளில் போடுவார். "உம்மாக்குச் சுகமா? கால் வீக்கம் வத்திட்டா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டுவிட்டு அடுத்த கடைக்கு நடப்பார். அவர் போன பிறகும் கூல் பார்க்காரர் கொஞ்ச நேரம் சாரத்தைச் சரிசெய்துகொண்டே நிற்பார்.

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. பிள்ளைகள் இதே தெருவில் நடமாடுகிறார்கள். எங்களுக்கு அவர் விதானையார். கடைத்தெருவுக்கு வருமுன் நாவிதன்வெளிப் பக்கம் ஒரு வயற்கண்டத்தில் வட்டவிதானையாக இருந்தவர். வாய்க்கால் தண்ணீரை முறை வைத்து வயல்களுக்குப் பங்கிடுகிற வேலை. தண்ணீர் பாய வரம்பில் வெட்டிய வக்கடையை ஒருவன் மூட மறந்தால், அவன் வயல் நிரம்பித் தண்ணீர் வீணாக வடிச்சலில் போய் விழும். மற்ற விதானைமார் மண்வெட்டிப் பிடியைத் தூக்குவார்கள். இவர் அந்த வரம்பிலே போய் நிற்பார். வயற்காரன் வந்து காணும்வரை நிற்பார். அப்படி ஒரு முறை தன் வரம்பில் அவரைக் கண்ட ஒருவர் என்னிடம் சொன்னார்: "அடிச்சிருந்தா ஆறியிருக்கும் தம்பி. அந்த மனிசன் நிண்ட நிலைய நினைச்சா இப்பவும் சோறு இறங்குதில்ல."

எங்கள் கடைகள் ஒரு முதலாளியின் கட்டடங்களில் இருந்தன. முதலாளி கொழும்பில். இங்கே அவருக்குக் மாடி வைத்துக் கட்டிய கடைகள், சாப்பாட்டுக் கடை இருந்த நீளக் கட்டடம், சாமான் அடுக்குகிற ஸ்டோர்கள், தெரு முடிவில் ஓர் அரிசி மில் என்று பல இருந்தன. வாடகையோடு கரண்டும் சேர்த்தி. ஆகையால் கரண்டைப் பற்றி நாங்கள் யாரும் நினைத்ததே இல்லை. சூறாவளியில் கம்பிகள் எல்லாம் நிலத்தில் கிடந்து, மாதக்கணக்கில் இருட்டில் இருந்து, பிறகு கரண்டு வந்தபோது எங்களுக்கு ஆசை தீரவில்லை. மறுபடியும் ஓடிவிடுமோ என்று காவல் காப்பதுபோலப் பகலிலும் எரியவிட்டோம். சவூதிக்குப் போனவர்கள் காற்றாடியும் பிரிட்ஜும் கொண்டு வந்தார்கள். மில் மோட்டரும் ஐஸ்கிரீம் பெட்டியும் தண்ணீர்ப் பம்பும் ஒன்றாக ஓடினால் பியூஸ் எரிந்து தெருவே இருட்டில் முழிக்கும். முதலாளிக்கு யாரோ சொன்னார்களாம், தண்ணி பங்கிடத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் சும்மா இருக்கார் என்று.

முதலாளி சாவிக் கோர்வையை ஒப்படைத்ததும், விதானையார் கட்டடங்களை வயற்கண்டம் மாதிரித்தான் நடத்தினார். கடைசி வயலுக்கு முதல் தண்ணீர் என்பது வாய்க்கால் சட்டம். ஆகவே கம்பியின் கடைசியில் இருந்த மில்லுக்கு விடியற்காலை முறை. மில் நின்ற பிறகுதான் பம்பு. பம்பு நின்ற பிறகுதான் ஐஸ்கிரீம் பெட்டி முழுவேகத்தில் ஓடலாம்.

"கரண்டு என்ன வாய்க்காலாலயா வருது?" என்று கூல் பார்க்காரர் கேட்டார்.

"பின்ன எதால வருது? அங்கால மலையடியில குளத்துத் தண்ணி விழுந்துதானே கம்பியில ஏறுது. நீங்க பகல்ல எரிக்கிற பல்பு ஆரோ ஒருத்தண்ட பயிர்."

"நான் நூத்தா அவண்ட வயலுக்குப் போயிருமாக்கும்!"

"போகும். இல்லாட்டி நம்முட பல்பு நூந்த உடனே கரண்டில்லாத ஒரு குடிசையில போய் எரியும்."

இதை அவர் மெய்யாகவே நம்பினார். நான் கொஞ்சம் படித்தவன் என்றபடியால், நூர்த்த கரண்டு வேறு எங்கும் போய் எரியாது, குளத்தில் அந்தளவு தண்ணீர் மிஞ்சும் என்று விளக்கினேன். கவனமாகக் கேட்டார். "அதைத்தானே நானும் சொல்றன்" என்றார். அடுத்த நாளும் குடிசைக் கதையைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஆனால் பியூஸ் எரிவது நின்றது. பின்னேரத்தில் டியூப் லைட்டுகள் துடிக்காமல் எரிந்தன. ஓடுகளுக்கு நடுவே கண்ணாடி ஓடு போடுவித்தார். உட்சுவர்களுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பித்தார். மேற்குச் சுவர் சுடுகிறதென்று கிடுகு கட்டிக் கொடுத்தார். பிரிட்ஜ் கதவின் ரப்பரில் ஒரு கடதாசித் துண்டை வைத்துச் சாத்திவிட்டு மெல்ல இழுத்துப் பார்ப்பார். இலகுவாக வந்துவிட்டால், "இது வக்கடை திறந்து கிடக்கு" என்பார். என் புத்தகக் கடையில் மேசைக்கு நேர்மேலே கண்ணாடி ஓடு. அந்த வெளிச்சத்தில் என் மகள் பள்ளிவிட்டு வந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். காசைப் பற்றி ஒருநாளும் பேசமாட்டார். காசென்றால் நாங்களும் பதிலுக்குக் காசைப் பற்றிப் பேசியிருப்போம். வெட்கத்துக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை.

அது அவர் போட்ட வேஷமும் அல்ல. அவருடைய மகளின் கலியாணத்துக்கு நான் போயிருந்தேன். எங்கள் ஊர்களில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவதுதானே. அந்த வீட்டை மகன்மார் சிவப்பும் பச்சையுமாகப் பல்பு மாலைகளால் மூடியிருந்தார்கள். மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு அவருடைய வீட்டார் வந்து இறங்கியபோது, பெண்ணின் வாப்பா வேலி மூலையில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நிற்கிறார். மாப்பிள்ளையின் பெரியவாப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது.

"எங்கட பொடியனப் பாக்க வெக்கமா இருந்தா முன்னமே சொல்லியிருக்கலாமே!"

விதானையாரின் மனைவி ஓடி வந்தா. "அல்லாஹ்க்காக நம்புங்க, மாப்பிள்ளைக்கு இல்ல, பல்புக்குத்தான் மனிசன் நாணி நிக்கிற! டேய், ஒரு மாலையையாவது நூருங்கடா, வாப்பா முகத்தத் திறக்கட்டும்!"

ஒரு மாலையை நூர்த்தார்கள். அவர் முகத்தைத் திறந்து மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்தார். ஊரெல்லாம் சிரித்தது. நானும் பல நாள் அதைச் சொல்லிச் சிரித்தேன்.

இனிப் படிக்கட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் கடையின் மேல்மாடியில் பிள்ளைகளுக்குத் தனிவகுப்பு நடக்கிற டியூட்டரி. இரண்டு சுவர்களுக்கு நடுவே நெருக்கமான சீமெந்துப் படிகள். யன்னல் இல்லை. பகலிலும் இருட்டு. ஆகையால் அங்கே ஒரு பல்பு ராப்பகலாக எரிந்தது. விதானையார் அதைச் சகிக்க முடியாமல், கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரண்டு சுவிச் போடுவித்தார். கீழே போட்டு மேலே நூர்க்கலாம். மேலே போட்டுக் கீழே நூர்க்கலாம். அந்தக் கட்டடங்கள் எல்லாவற்றிலும் அவருக்கு மிகப் பெருமை தந்த வேலை அதுதான். வருகிறவர்களைக் கூட்டிப்போய்த் தட்டிக் காட்டுவார்.

என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. மேலே இங்கிலீஷ் வகுப்புக்குப் போவாள். ஒருநாள் வகுப்புக்குப் பிந்திவிட்டாள். தனியாக ஓடி வந்து சுவிச்சைத் தட்டி ஏறப் போனாள். விதானையாரும் தையல்காரரும் நானும் அடியில் நின்று கதைத்துக்கொண்டிருந்தோம். அவர் துண்டை எடுக்கவில்லை, தலையைக் குனியவில்லை. பிள்ளைதானே என்று செல்லமாகச் சிரித்துக்கொண்டு கேட்டார்.

"ஒரு ஆளுக்கு ஒரு லைட்டா மகள்?"

தையல்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவள் முகமெல்லாம் சிவந்து, திரும்பி வந்து லைட்டை நூர்த்துவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டு இருட்டில் ஏறிப் போனாள்.

"பாத்தீங்களா? பெரியவனுகளுக்கு வராத ரோசம்!" என்றார் விதானையார். அன்றிலிருந்து அவளைக் கண்டால், "வாறா எங்கட சின்ன விதானையார்" என்பார். மகளுக்கும் அதில் பெருமை. வீட்டில் எங்கள் பின்னாலேயே வந்து லைட்டை நூர்ப்பாள். "அடுப்படிய இருட்டாக்கிப்போட்டாள் ஒங்கட மகள், உப்பப் போட்டனோ சீனியப் போட்டனோ தெரியல்ல" என்று மனைவி கத்துவா. நாங்கள் அதையும் ரசித்தோம்.

மாரி மழை பெய்த ஒரு பின்னேரம். அந்தித் தொழுகைக்கு அழைக்கிற மஃரிப் பாங்கு நெருங்க வகுப்பு கலைந்தது. மாஸ்டரும் பிள்ளைகளும் கூட்டமாக இறங்கினார்கள். கடைசியாக வந்த பிள்ளை கீழே லைட்டை நூர்த்ததை நான் என் வாசலிலிருந்து கண்டேன். என் மகள் மட்டும் மேலே இருந்திருக்கிறாள். சாரல் அடிக்கிறது, யன்னலைச் சாத்திவிட்டு வா என்று மாஸ்டர் சொல்லியிருக்கிறார்.

பாங்கு தொடங்கியது. அதற்கு நடுவே ஒரு சத்தம். மூட்டை விழுந்து உருண்ட மாதிரி. நான் ஓடிப்போய் லைட்டைப் போட்டேன். படியடியில் தலை கீழாகக் கிடந்தாள். வலது காதிலிருந்து இரத்தம் வழிந்து சீமெந்தில் ஓடியது. செருப்பு ஒன்று மேலே நாலாம் படியில் கிடந்தது. அதற்குப் பிறகு யார் தூக்கினார்கள், யாருடைய வேனில் போனோம் என்று எனக்கு ஞாபகமில்லை. இங்கே ஆஸ்பத்திரியில் வைத்திருக்க ஏலாது என்று மட்டக்களப்புக்கு அனுப்பினார்கள். மகள் கண் திறக்கவில்லை.

மறுநாள் விதானையார் ஆஸ்பத்திரிக்கு வந்தார். வந்தவுடனே என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நான் போய்ப் பாத்தன் தம்பி. பல்பு நல்லா இருக்கு. சுவிச் ரெண்டும் வேலை செய்யிது." என் மனைவியிடமும் அதையே சொன்னார். மருந்து கொண்டு வந்த நேர்ஸிடமும் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறகுதான் விளங்கியது. தன்னுடைய வயரிங் பிழையாகிப் பிள்ளை விழுந்ததோ என்று பயந்துபோய்ப் படிக்கு ஓடியிருக்கிறார். பிழை அதில் இல்லை என்று கண்ட ஆறுதலைத்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் தோடம்பழப் பையோடு இரண்டாவது முறை வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றபோது, மகள் கண் விழித்திருந்தாள். மனைவி அவளுடைய கையைத் தடவிக்கொண்டு கேட்டா: "ஏங்கா புள்ள, லைட்டப் போட்டுட்டு இறங்கியிருக்கலாமே?"

"நான் ஒரு ஆள்தானே உம்மா" என்றாள்.

வேறு யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அவர் தலையைக் குனிவார் என்று நினைத்தேன். குனியவில்லை. வாய் சற்றுத் திறந்தபடி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பையைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவளுக்கு வலது காது கேட்காமல் போனது. இனிக் கேட்காது என்று டொக்டர் சொன்னார். நடக்கும்போது கொஞ்ச காலம் ஒரு பக்கம் சாய்ந்தாள். இப்போது அவளுக்குக் கலியாணம் பேசும் வயது. பேச வருகிறவர்களிடம் காதைப் பற்றி நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எப்படி நடந்தது என்று கேட்டால் படியில் விழுந்தாள் என்று மட்டும் சொல்கிறேன். அவளுக்காகக் கட்டுகிற வீட்டில் மாடி இல்லை. ஒவ்வொரு கதவடியிலும் சுவிச் வைக்கச் சொல்கிறேன். மேசன் சிரிக்கிறார். "இது வீடா, கரண்டு ஒபிசா?" சிரிக்கட்டும். இப்போது இருக்கிற வீட்டில் இரவில் அவள் ஓர் அறையில் இருந்து இன்னோர் அறைக்குப் போனால், நான் இருந்த இடத்திலிருந்து காதைக் கொடுத்துக் கேட்கிறேன். சுவிச் தட்டுகிற சத்தம் கேட்பதில்லை.

விதானையார் அந்த வேலையை விட்டுவிட்டார். சாவிக் கோர்வையைக் கொழும்புக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்தனுப்பினார் என்று கேள்வி. முதலாளி வேறொரு ஆளை அனுப்பினார். அவன் தெருவில் நின்று கத்துவான். நாங்களும் கத்துவோம். பல்புகள் பகலெல்லாம் எரிந்தன. கூல் பார்க்காரர் கூட ஒருநாள் என்னிடம், "அந்த மனிசன் இருந்தா நல்லம் எண்டு கிடக்கு, சொல்லவும் ஏலாம கிடக்கு" என்றார். எனக்கு முன்னால் அதைச் சொல்லிவிட்டோமே என்று அவரும் குறுகிப்போனார்.

அவர்மேல் கோபப்பட வேண்டும் என்று நான் பல முறை முயன்றிருக்கிறேன். என்ன செய்தார் என்று எனக்குள் கேட்டால் சொல்ல ஒன்றும் அகப்படுவதில்லை. எதுவும் செய்யவில்லை என்று சொல்லவும் முடிவதில்லை. அவர் எங்கள் வீட்டுக்கு வந்த அந்த நாளில்தான் எனக்கு இப்படி ஆனது.

ஆஸ்பத்திரியிலிருந்து மகளைக் கூட்டி வந்து சில நாட்களின் பின், நடுப்பகல் ளுஹர் தொழுகை முடிந்த நேரம். முற்றத்து மணலில் கால் வைக்க ஏலாத வெயில். வாசலில் நின்று ஸலாம் சொன்னார். மனைவி கதவுச் சீலைக்குப் பின்னால் நின்றபடி பதில் ஸலாம் சொன்னா. இருக்கச் சொல்லவில்லை.

"மாப்புக் கேக்க வந்தன் தங்கச்சி."

"ஒங்களுக்கு என்னத்துக்கு மாப்பு? நீங்க என்ன, பிடிச்சுத் தள்ளியா உட்ட?" மனைவி அதை மன்னிக்கிற குரலில் சொல்லவில்லை.

"தள்ளல்ல. நான் ஒருத்தரையும் தள்ளினதில்ல. நிண்டன். அவ்வளவுதான் என்ட வேலை."

மகள் பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். அவர் அவளுடைய நல்ல காதுப் பக்கமாகச் சுற்றி வந்து குந்தினார். யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். "ஒண்டு காட்டுறன் மகள், பாக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு எழுந்தார்.

ஹோல் லைட்டைப் போட்டார். அறை லைட்டைப் போட்டார். மனைவி விலகி நிற்க, அடுப்படிக்குள்ளும் எட்டி அங்கேயும் போட்டார். கடைசியாக வெளி விறாந்தைப் பல்பு. வெயிலில் அது எரிவதே தெரியவில்லை. திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது.

"பாருங்க, எல்லாம் எரியிது. ஒண்டும் நடக்கல்ல. ஆரும் ஒண்டும் சொல்லல்ல. எனக்கு வெக்கமே இல்ல, பாருங்க."

மகள் பார்த்தாள். நாங்களும் பார்த்தோம். அவருடைய காது மடல் வரை சிவந்திருந்தது. கை தானாகவே தோள்துண்டுக்குப் போய்ப் போய்த் திரும்பியது.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்து போய் ஹோல் லைட்டை நூர்த்தாள். அவர் பின்னால் போய் அதைப் போட்டார். அவள் அறைக்குப் போய் நூர்த்தாள். அவர் போட்டார். விளையாட்டு மாதிரி இருந்தது. அவள் சிரித்துவிடுவாள், எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. அடுப்படி வாசலில் நின்று திரும்பினாள்.

"நீங்க வெக்கப்படுறீங்க. எனக்குத் தெரியிது."

அவர் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

"ஓம் மகள்" என்றார். "எனக்கு இது போகாது. எனக்கு வயசு போயிட்டு. ஒங்களுக்குப் போகணும். அதுக்குத்தான் வந்த. ஒண்டே ஒண்டு போடுங்க. எனக்காக. நான் பாத்துட்டுப் போறன்."

மகள் அடுப்படி லைட்டை நூர்த்தாள். ஹோலையும் அறையையும் நூர்த்தாள். விறாந்தைக்குப் போய் அந்தப் பல்பையும் நூர்த்தாள். அவர் கையை ஊன்றி எழும்பி, எங்களுக்குத் தலையசைத்துவிட்டு, செருப்பை மாட்ட விறாந்தைக்கு வந்தார். அப்போது அவள் சுவிச்சில் வைத்த கையை எடுக்காமல், அவருடைய முகத்தை ஒருதரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, விறாந்தைப் பல்பை மறுபடியும் போட்டாள். அவருக்காகத்தான் போட்டாள். போட்ட கையை உடனே வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அவரைப் போலவே தலையைக் குனிந்தாள். அவருக்கும் அதற்கு மேல் நிமிர்ந்து நிற்க முடியவில்லை.

அந்த வெயிலில், எரிகிற பல்புக்குக் கீழே, கிழவரும் பிள்ளையும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மனைவி சீலைக்குப் பின்னால் அழுகிற சத்தம் கேட்டது. நான் சுவிச்சுக்குக் கிட்ட நின்றேன். அதை எங்களில் யார் நூர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.